பென்சிலில் எழுதிய பக்கம்

ஜனவரி 6

தம்பிக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. பதினொரு வருஷமாக என் பிறந்தநாளுக்கு நீ போன் பண்ணுவதும், உன் நம்பரைப் பார்த்துவிட்டு நான் எடுக்காமல் விடுவதும் நம் இரண்டு பேருக்கும் பழகிப்போய்விட்டது. இப்போது நானாகக் கூப்பிட்டால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். எழுத்து என்றால் பிடிக்காத வரியை அடித்துவிடலாம். மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

விஷயம் பட்டாணியைப் பற்றி. மூன்று வயதில் மேசைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த என் மகளுக்கு நீ வைத்த பேர். இப்போது பதினாலு வயது, என் தோளைத் தாண்டிவிட்டாள், ஆனாலும் அந்தப் பேர்தான். போன மாதம் பள்ளிக்கூடத்தில் தீ விபத்து ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் வகுப்பே எழுந்து ஓடியது, இவள் எழுந்த இடத்திலேயே விழுந்தாள். "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வீட்டில் அலாரம் அடித்தபோது மறுபடியும் விழுந்தாள். அன்றைக்கு நான் அவள் தலைமாட்டில்தான் நின்றிருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

இதய டாக்டர் அம்மா ஒருவர் பார்த்தார். "உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"என் கடைசித் தம்பி. பதினஞ்சு வயசு. நீச்சல் குளத்துல மூழ்கிட்டான்."

"நீச்சல் தெரியாதா?"

"அதெல்லாம் நல்லா தெரியும். காலையில இறங்கினா மத்தியானம்தான் ஏறுவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்படி மூழ்கினார்?"

இருபத்தாறு வருஷமாக நம் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் நம்மிடம் தயாராக இருந்ததால் கேள்வி தேவைப்படவில்லை. அந்தப் பதில் நீ.

சிலருக்கு இதயம் ஒரு தடவை துடித்து அடங்குவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுக்குமாம். பரம்பரையாக வருமாம். ஒரு திடீர்ச் சத்தம், தண்ணீரில் குதிக்கிற அதிர்ச்சி, ஏதாவது ஒன்று போதுமாம் அது நின்றுபோக. பட்டாணியின் இ.சி.ஜி. இரண்டுங்கெட்டானாக இருக்கிறது. குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் நெஞ்சில், இதயம் நின்றால் ஷாக் கொடுத்து ஓடவைக்கிற ஒரு சின்னக் கருவி வைத்துவிடுவார்கள். தெரியாவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதற்குக் காத்திருப்பது என்று நான் கேட்கவில்லை.

"உங்க தம்பியோட பழைய இ.சி.ஜி. இருக்குமா? இருக்காது" என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தவர் என்றும், எங்கள் பிறந்தநாளுக்கெல்லாம் வேலை முடிகிற நேரத்தில் எங்களை வரச்சொல்லி, படுக்கவைத்து, ஆளுக்கு ஒரு இ.சி.ஜி. காகிதப் பட்டை எடுப்பார் என்றும், அதன் பின்பக்கத்தில் உயரம், எடை, பிறந்தநாளுக்கு என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்று பென்சிலில் எழுதிவைப்பார் என்றும் சொன்னேன். "கேட்டது: சைக்கிள். கிடைத்தது: சைக்கிள் மணி." உன் பத்தாவது வயது. அந்த டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "அது எனக்கு வேணும்" என்றார்.

சின்னவனின் பதினைந்தாவது பிறந்தநாள் பட்டை, அப்பா எல்லாப் பட்டைகளையும் போட்டுவைத்த அந்தப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி உன்னிடம் இருக்கிறது. அனுப்பு. இருபத்தைந்தாம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அக்கா

ஜனவரி 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எதிரே ஒருவர் ரேஷன் கார்டில் இரண்டு நகல் கேட்டு நின்றார். எத்தனை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது, அவர்தான் "போதும் தம்பி, நான் ஒருத்தன்தான்" என்று கையைப் பிடித்தார்.

பட்டாணிக்கு இப்படி என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாத்திரையை நேரத்துக்குக் கொடு. பள்ளிக்கூடத்தில் சொல்லி மணி அடிக்கிற இடத்திலிருந்து தள்ளி உட்காரவை.

பெட்டி விஷயம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு தடவை வீடு மாறினோம். நடுவில் இருந்த வீட்டில் பெட்டியைப் பரண்மேல் வைத்திருந்தேன். இறக்கிப் பார்த்தபோது கரையான் அரித்திருந்தது. ஒன்றும் தேறவில்லை. மன்னித்துக்கொள். ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாலோ வேறு எதற்கென்றாலோ சொல், அடுத்த வண்டியில் வருகிறேன்.

தம்பி

ஜனவரி 14

தம்பிக்கு,

கரையான்.

அது எக்ஸ்ரே பிலிம் வந்த தகரப் பெட்டி. மூடியை இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். தகரம் தின்கிற கரையான் உன் பரண்மேல் மட்டும்தான் இருக்கிறது போலிருக்கிறது. சின்ன வயதிலேயே உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன கையோடு மன்னிப்பும் கேட்டுவிடுவாய். இப்போதும் அதையேதான் செய்திருக்கிறாய்.

என்மேல் கோபம் என்றால் அது நியாயம். நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அப்பா போன அன்று, கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, பஸ் பழுதாகி அரை நாள் தாமதமாக வந்து நின்ற உன்னைப் பார்த்து, "இந்த வீட்டுல ரெண்டு சாவுக்கும் நீ லேட்டாத்தான் வந்தே" என்றேன். எல்லாம் முடிந்ததும் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாய். உன்னைத் தடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம்.

அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடு. அவளுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு வந்து பார். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. கடிகாரம், போன், கதவுச் சங்கிலி எதுவும் சத்தம் போடுவதில்லை. விசில் அடிக்கும் என்று குக்கரை எடுத்துவைத்துவிட்டுச் சட்டியில் சோறு வடிக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு. "என்னம்மா, நம்ம வீடு லைப்ரரி ஆயிடுச்சா?" என்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

பெட்டிக்கு என்ன ஆனதோ அதை அப்படியே எழுது. திட்ட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். திட்டுவேன். ஆனால் எழுது.

அக்கா

ஜனவரி 17

அக்கா,

கரையான் இல்லை. பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது. பெட்டியைத் திறக்கும் முன்னால் இதைப் படித்துவிடு.

அப்பா போன மறு வருஷம் கடையில் லேமினேஷன் மிஷின் வாங்கிப் போட்டேன். தெருவே சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்தது. "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, நூறு வருஷம் இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அப்பாவின் பட்டைகள் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டு வந்தன. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டுவிட்டால் உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கலாம், அதைச் சாக்காக வைத்துப் பேசலாம் என்று திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சின்னவனுடைய கடைசிப் பட்டையை எடுத்தேன்.

இ.சி.ஜி. மிஷினின் ஊசி கோடு போடுவதே சூட்டால்தான். அந்தக் காகிதத்தில் சூடு பட்ட இடமெல்லாம் கறுக்கும். டீ டம்ளர் பக்கத்தில்கூட அப்பா அதை வைக்க விடமாட்டார். எனக்கு அது தெரியாமல் இல்லை. பாதிப் பட்டை மிஷினுக்குள் போன பிறகுதான் நினைவு வந்தது. பின்னால் இழுத்தேன், வரவில்லை. மறுபக்கம் வெளியே வந்தபோது முழுக்கக் கறுப்பு. அவன் துடிப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிறவன், அதை முதலில் ஒரு நகல் எடுத்திருக்கலாம். புத்தி வரவில்லை. அவனை இரண்டாவது தடவையும் நானே கொன்றுவிட்டதாக நினைத்தேன். மிச்சப் பட்டைகளைத் தொடவில்லை.

"பின்பக்கம் இருக்கிறதே" என்று கேட்பாய். பின்பக்கத்தை மிஷினில் விடுவதற்கு முன்பே ஒரு வெள்ளை அட்டையில் வைத்து நாலு மூலையிலும் ஒட்டிவிட்டேன். தெரியாமல் செய்யவில்லை. பிறந்தநாளுக்கு அப்பா எழுதுவது மூன்று வரி. அதில் பக்கம் நிறைய எழுதியிருந்தது. கீழ்ப்பாதியில் "பெரியவன்" என்று என்னைக் குறிப்பிட்டிருந்தது கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்கத் தைரியம் இல்லை. குளத்தில் நடந்ததை அப்பா எப்படியோ தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நான் தாமதமாக வரவில்லை அக்கா. நான் கரையிலேயே இருந்தேன். அவன் மேல்பலகையிலிருந்து குதித்தான். கொஞ்ச நேரத்தில் குப்புற மிதந்தான். அப்படி மிதந்து என்னைப் பயமுறுத்துவது அவன் வழக்கம், போன தடவை நான் ஏமாந்து துணியோடு குதித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அதனால் இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று இருபது வரைக்கும் எண்ணினேன். நிதானமாக எண்ணினேன். பிறகுதான் குதித்தேன்.

சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். தாமதமாக வந்தவன் என்ற பேர் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அட்டையைப் பிரித்துப் படி. என்ன எழுதியிருந்தாலும் டாக்டருக்கு வேண்டியதை எடுத்துக்கொள். என்னைப் பற்றிய பகுதியை எனக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி

ஜனவரி 21

தம்பி,

உன் கடிதத்தை முதல் தடவை படித்ததும் உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். இது அதற்குப் பிறகு எழுதுவது.

நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்தேன். சீருடை வெட்டும் மேசையில் நாளெல்லாம் நிற்கிறவள் நான், தையல் பிரிக்கிற சின்னக் கத்தி எப்போதும் என் பையில் இருக்கும். அதை வைத்து பிளாஸ்டிக்கின் ஓரத்தைச் சுற்றிவர அறுத்தேன். பட்டாணி விளக்கைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் முன்பக்கத்தைத்தான் கறுக்கியிருக்கிறது. மூலைகளைக் கிளப்பியதும் அட்டை தனியாக வந்துவிட்டது. பென்சில் எழுத்து ஒன்றும் ஆகவில்லை. சூட்டுக்கும் தண்ணீருக்கும் பென்சில் அசையாது என்று அப்பா சொல்வாரே, அது நிஜம்தான்.

எனக்குச் சொல்லாதே என்கிறாய். சொல்லத்தான் போகிறேன். ஒரு எழுத்து விடாமல் எடுத்து எழுதுகிறேன்.

"15 வயது. உயரம் 162. எடை 47. கேட்டது: நீச்சல் குளத்துக்கு மாதப் பாஸ். கிடைத்தது: அதேதான்.

அலை எழுந்து அடங்க காகிதத்தில் 13 சின்னக் கட்டம். 10, 11க்குள் இருக்க வேண்டும். மறுபடி எடுத்தேன். 13. பெரிய டாக்டரிடம் காட்டினேன். மிஷினைப் பழுது பார்க்கச் சொன்னார். வேறு மிஷினிலும் எடுத்தேன். 13. அவரை மறுபடி தொந்தரவு செய்யவில்லை."

இதற்குக் கீழே வேறு பென்சில், எழுத்தும் சின்னது.

"அவன் போய் நாற்பது நாள். அவன் மூழ்கவில்லை. இதயம் நின்றது, அதன் பிறகு தண்ணீரில் கிடந்தான். பெரியவன்மேல் எல்லோரும் பழி சொல்கிறார்கள். அவன் எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் இவன் திரும்பியிருக்க மாட்டான். பெரியவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கட்டத்தை எண்ணிப் பார்த்தவன் நான். பார்த்துவிட்டுப் பாஸும் வாங்கிக் கொடுத்தவன் நான். இதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவன் இதைப் படிக்க வேண்டும்."

இவ்வளவுதான். பட்டாணி என் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு, "மாமாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப முதல்ல அதை எழுதும்மா, டாக்டரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். இருபத்தைந்தாம் தேதியை நினைத்து நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு உன் கவலை.

பெட்டியில் நூற்று நாற்பத்து மூன்று பட்டை இருக்கிறது. நம்முடையது போக மிச்சமெல்லாம் உறவுக்காரர்களுடையது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைப்பாரே. "எல்லார் வீட்டுலயும் டீ குடுப்பாங்க, இந்த ஆளு ஒயர் மாட்டுறான்" என்று பெரியப்பா கிண்டல் பண்ணுவார். நாமும் கூடச் சேர்ந்து சிரித்தோம். தேதியைப் பார்த்து அடுக்கினேன். உறவுக்காரர்கள் பட்டை ஒன்றுகூட சின்னவன் போவதற்கு முன்பு எடுத்ததில்லை. பின்பக்கமெல்லாம் கேள்வி. உன் அம்மா எப்படி இறந்தாள், உன் அண்ணன் எந்த வயதில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான். அத்தை பட்டையில் இருக்கிறது: "எங்கள் கடைசித் தங்கை, 11 வயது. பள்ளி மணி அடித்ததும் விழுந்தாள். வலிப்பு என்று சொன்னார்கள். அது வலிப்பு இல்லை." நமக்கு இப்படி ஒரு சின்ன அத்தை இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பா பதினைந்து வருஷம் நம் குடும்பத்தையே ஒவ்வொருவராகப் படுக்கவைத்து விசாரித்திருக்கிறார். நம்மிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பட்டையும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின மாதம் எடுத்தது. "மகளுக்கு 12. தொந்தரவு ஏதும் இல்லை. இவள் தூங்கும்போது போய்ப் பார்க்கிறேன்." உன்னுடையது எல்லாமே பத்துக்குக் கீழே. பட்டாணிக்கு வந்தது என்னிடமிருந்து.

அந்த வார்த்தையைச் சொன்னவள் நான்தான். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். தப்பு. எவ்வளவு யோசித்தாலும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அக்கா

ஜனவரி 24

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பதினைந்து வருஷமும் நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். என் தட்டில் கறி வைப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். அவர் கண்ணைப் பார்க்கப் பயம். அவருக்கும் அதே பயம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய் திறந்திருக்கலாம். அவர்மேல் கோபப்பட நினைக்கிறேன். பாதியில் அழுகை வந்துவிடுகிறது. பிறகு மறுபடியும் கோபம் வருகிறது.

என்னைப் படிக்கச் சொல்லி எழுதிவைத்ததை நானே அட்டை போட்டு ஒட்டியிருக்கிறேன். பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று மேலே புத்தகம் வேறு வைத்தேன்.

ஆனால் இருபது வரை எண்ணியது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா? அந்த டாக்டர் அம்மாவிடம் கேள். மறைக்காமல் எழுது.

நாளைக்கு என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

தம்பி

பிப்ரவரி 3

தம்பி,

பட்டாணிக்குக் கருவி வைத்தாயிற்று. இடது தோளுக்குக் கீழே, தீப்பெட்டி அளவு. நன்றாக இருக்கிறாள். ஒரு மாதம் கையைத் தூக்கக்கூடாது என்பதால் தலை வாரிவிடுவது நான். "இழுக்காதம்மா, இருக்கறதும் கொட்டிடும்" என்று ஒரே புலம்பல். நேற்றுதான் காலிங் பெல்லை மறுபடி மாட்டினோம். அவளே போய் அழுத்திப் பார்த்தாள். நான் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெட்டி முழுவதையும் டாக்டர் அம்மா ஒரு நாள் வைத்திருந்தார். முன்பக்கக் கோடுகள் பாதிக்குமேல் மறைந்துவிட்டன, அதனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா பின்னால் எழுதிய எண்களை வைத்துத்தான் முடிவு பண்ணினார். "ஒரு டெக்னீசியன் ஸ்கேலும் பென்சிலும் வச்சுக்கிட்டு இதைக் கண்டுபிடிச்சிருக்கார்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாஸ் ஞாபகம் வந்ததும் பெருமை போய்விட்டது. இரண்டும் அப்பாதான், என்ன செய்வது.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். இருபது எண்ணியதையும் சொன்னேன். அவர், "பக்கத்துல ஷாக் குடுக்கற மிஷின் இருந்திருந்தா வேற பேச்சு. அது இல்லாம, கூடவே குதிச்சிருந்தாலும் கஷ்டம்தான்" என்றார். "உங்க தம்பிக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். "சின்னப் பையன்தானே" என்றார். நான் உன்னை ஒரு நாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு நீ எப்போதும் சின்னவனுக்கு அண்ணன், அவ்வளவுதான்.

உனக்கும் உன் இரண்டு வாண்டுகளுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடச் சொல்கிறார். பழைய எண் பத்துக்குக் கீழே என்றாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லதாம். தள்ளிப்போடாதே. அந்தச் சின்ன வாண்டின் முகம்கூட எனக்குத் தெரியாது.

பட்டைகளை என்ன செய்வது என்று யோசித்தேன். பின்பக்கங்களை எல்லாம் ஒரு நோட்டில் எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன், பட்டாணி படித்துச் சொல்கிறாள். பிளாஸ்டிக் மட்டும் போட மாட்டேன். உன் கடையின் விளம்பரத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அக்கா

பிப்ரவரி 11

அக்கா,

தாள் வித்தியாசமாக இருக்கிறதே என்று பார்க்காதே. திருப்பினால் தெரியும், இது என் பட்டை. நேற்று எடுத்தது. வாண்டுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அவர்களுடையதும் உள்ளே வைத்திருக்கிறேன். மூன்றையும் முதலில் நகல் எடுத்துவிட்டேன்.

ஒயரை மாட்டிய பெண்ணிடம், "எத்தனை கட்டம்னு எண்ணிச் சொல்லும்மா" என்றேன். கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்றாள். இருந்தாலும் எண்ணச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். படுத்திருந்தபோது அப்பாவின் கை ஜில்லென்று நெஞ்சில் படுமே, அது ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் வலிக்கிறதா என்று கேட்டாள்.

இனி அப்பா எழுதுகிறபடி எழுதுகிறேன். பென்சிலில்தான்.

45 வயது. உயரம் 170. எடை 81, சிரிக்காதே. அலை எழுந்து அடங்க 9 கட்டம்.

கேட்டது: பதினாறாம் தேதி அக்காவின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல் போன் பண்ணுவேன். ஒரு தடவை எடுக்க வேண்டும்.

கிடைத்தது: இந்த வரியை உனக்கு விட்டிருக்கிறேன்.